கிடுக்கிச் சத்தம்

அடி அண்ணாமலையில் சாயங்கால வெயில் மலைமேல் பழுத்துக் கிடக்கிறது. காலையிலிருந்து கிடாக்குட்டிகளுக்குக் காயடித்து, மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் ஜீவகுமாருக்கு மணிக்கட்டு கடுக்கிறது. டெரிகாட்டன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. இருட்டில் சாப்பிட்டால் பூச்சி ஏதாவது செத்துப்போகும் என்று பொழுதோடு சாப்பிட்டுவிடுகிற ஜைன வீட்டு மனிதர் அவர்; வேலை முடிவதற்குள் இருட்டிவிடும், இன்றைக்குப் பட்டினிதான். “இதுக்கு எவ்ளோ நேரம் வலிக்கும்னு நெனைக்கிறே?” என்கிறார். பட்டிக்காரி பச்சையம்மா குட்டியின் கால்களை மடியில் இறுக்கிக்கொள்கிறாள். “ராத்திரி பூரா கத்தும் சார். காயடிக்காம வுட்டா, பெருசானதும் ஒண்ணையொண்ணு முட்டி மண்டையப் பொளந்துக்கும். ஒரு நாள் நோவு, ஆயுசுக்கும் நிம்மதி. விடிஞ்சா அதுக்கே மறந்துடும்.” இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவரும் இத்தனை வருஷம் காயடிக்கிற கிடுக்கியைப் பிடித்திருக்கிறார். இரும்புக் கிடுக்கி டக்கென்று மூடுகிறது. குட்டியின் வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. பச்சையம்மாவின் முதுகுக்குப் பின்னால், போன வருஷம் அவர் காயடித்த கிடா கடலைக்கொடி மென்றுகொண்டிருந்தது; கொழுத்த உடம்பு, மண்டையில் ஒரு கீறல் இல்லை. கிடுக்கிச் சத்தம் கேட்டதும் அதன் தாடை நின்றுபோகிறது. பாதி மென்ற கொடி வாயில் தொங்க, பின்னங்கால்களை ஒடுக்கிக்கொண்டு பட்டியின் மூங்கில் படலோடு ஒட்டுகிறது. ஜீவகுமார் அதையே பார்க்கிறார். “அடுத்தத புடிக்கட்டா சார்?” என்கிறாள் பச்சையம்மா.