என்ன முறை?

“நீ இந்த வீட்டுக்கு என்ன முறை வேணும்?”

மன்னார்குடியிலிருந்து வந்த தாசில்தார் கேட்டதும் மலர்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு பேர் கூடினாலே அவளுக்குப் பேச்சு வராது. இன்று தெருவே கூடியிருந்தது.

“அதை அவங்களே சொல்லட்டும்ங்க. மகளா வளக்குறேன்னுதான் என்னைக் கூட்டியாந்தாங்க.”

புயலில் தாயும் தகப்பனும் போன பிறகு, பிள்ளையில்லாத உலகநாதனும் தனபாக்கியமும் அவளைத் தூக்கி வந்தார்கள். அடுத்த வருஷமே அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவளுடைய பாய் கூடத்திலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் போனது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது.

இப்போது அந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, சாலையைப் பார்த்த அந்த இடத்தில் அரவை மில் வைக்கப்போகிறார்கள். “அறுப்பு முடிஞ்சதும் நீயும் கிளம்பிடு” என்று தனபாக்கியம் சொல்லியிருந்தாள். எங்கே போவாய் என்று யாரும் கேட்கவில்லை.

அவள் மனுக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து உலகநாதனுக்குத் தூக்கமில்லை. காலையிலிருந்து கீழத்தெருக் குடிசைகளை அளந்துகொண்டிருந்த தாசில்தார், தலையாரியும் அளவுச் சங்கிலியுமாக நேரே இங்கே வந்து நின்றதும் உலகநாதனுக்கு ரத்தம் கொதித்தது.

“மகளாம் மக! சொத்துல பங்கு கேக்க வந்துருக்கா, பாருங்க” என்றாள் தனபாக்கியம்.

உலகநாதன் சிரித்தார். “சோறு போட்டவன்லாம் அப்பன்னா, நடவு ஆளு அத்தனை பேருக்கும் நான்தான் அப்பன்.” கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

மலர்கொடி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “எம் மகதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. இங்கயே மனுவைக் கிழிச்சுப் போட்டுடறேன்.”

“யாருக்குடி அப்பா?” உலகநாதன் தாசில்தார் பக்கம் திரும்பினார். “ஐயா, நல்லா எழுதிக்குங்க. இவ மகளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எங்க பண்ணையாளு. சின்னதுலேருந்து மாட்டுக்கொட்டாயிலதான் குடியிருக்கா, அங்கயே ஆக்கித் திங்கிறா. கூலிக்கு நெல்லு அளக்குறேன். அவ்வளவுதான்.”

“பின்னால மாத்திப் பேச மாட்டீங்களே?”

“ஊரே சாட்சிங்க!”

எழுதி நீட்டிய தாளில் பேனா முள் வளையும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தனபாக்கியத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

தாசில்தார் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “மகள்னு சொல்லியிருந்தீங்கன்னா கொட்டகை இடத்தைக் கேட்டு இந்தப் பொண்ணு குடுத்த மனுவை நான் தள்ளிட்டுப் போயிருப்பேன். பண்ணையாள் குடியிருக்கற இடம் பண்ணையாளுக்கே சொந்தம்னு சட்டம் வந்தாச்சுங்க. கீழத்தெருவுல காலையிலேருந்து அதைத்தான் அளந்துக்கிட்டிருந்தேன். தலையாரி, சங்கிலியைப் போடு.”

தலையாரி கொட்டகையின் மூலையிலிருந்து சங்கிலியை இழுத்தான். அது உலகநாதனின் காலில் வந்து முட்டி நின்றது. அவர் அசையவில்லை.

மலர்கொடி கிட்டே வந்தாள்.

“தள்ளி நில்லுங்கப்பா. நீங்க நிக்கிறது என் மனை.”

உலகநாதன் காலைப் பின்னுக்கு எடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்.