சிவப்புப் புள்ளி

"இன்னாமா ஷாரோன், இது போட்டோ புடிக்கிற டப்பா. இத்த வச்சிக்கினு கல்யாண வீடியோ எடுக்கறேங்கிறியே!"

சர்ச்சுக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டார் ஸ்டூடியோ வரதராஜன்.

"நீங்க எடுக்கற வீடியோவ மூணு வருஷமா எடிட்டிங்ல நான்தானேண்ணா சரி பண்றேன்? எனக்குத் தெரியும்."

பழைய பிலிம் கேமராவின் லென்ஸை ஒரு இணைப்பு வளையம் வைத்துத் தன் சின்ன டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருந்தாள். பீடத்தின் ஓரமாக நிறுத்திய ஸ்டாண்டு ஆடாதிருக்க, மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"என் பெரிய கேமராவ எடுத்துக்கினு வரேன். காசே வேணாம்."

"வேணாண்ணா."

"இது பன்னெண்டு நிமிஷத்துல தானா நின்னுடும். கல்யாணத்துல இன்னொரு வாட்டி எடுக்க முடியாதும்மா. பக்கத்துல யாரு நிப்பா?"

"யாரும் வேணாம். நான் பார்த்துக்கறேன்."

"கேமரா திரை ஏன் முன்பக்கமா திரும்பிக்கினு இருக்குது?"

"எனக்குத் தெரியணும்ல?"

தலையில் அடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை பிரசங்கத்தை நீட்டி முழக்கிவிட்டு, ஒருவழியாகப் போதகர் கேள்விக்கு வந்தார்.

"ஷாரோன், இந்த டேனியலை உன் கணவனாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாயா?"

பிள்ளையார்பாளையத்தில் நெய்த வெள்ளைப் பட்டில் நின்றிருந்த ஷாரோன் வாயே திறக்கவில்லை. ஓரக்கண்ணால் கேமராவைப் பார்த்தாள். திரையில் பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்புப் புள்ளியைக் காணோம்.

சபையில் சலசலப்பு. டேனியலுக்கு முகம் வெளுத்தது. முன்வரிசையில் வரதராஜன் பாதி எழுந்துவிட்டார்.

பூங்கொத்துக்குள் ஒளித்திருந்த ரிமோட்டை அழுத்தினாள். புள்ளி சிவந்தது.

"ஐயா," என்றாள் நிமிர்ந்து. "இன்னொரு வாட்டி கேளுங்க."