கடைசி இரண்டு ஸ்பூன்

முழங்கால்களுக்கு நடுவில் பையனை இறுக்கிக்கொண்டு மூக்கைப் பிடித்தாள் கஸ்தூரி. வாய் திறந்தது. மருந்து உள்ளே போனது. அடுத்த நொடி அத்தனையும் புர்ரென்று அவள் முகத்துக்கே திரும்பி வந்தது.

"பாவி, மறுபடியும் துப்பிட்டியா?"

இரண்டு வயது பாஸ்கரன் துப்பியதோடு விடவில்லை. யாரோ கழுத்தை நெரிப்பதுபோலத் தெருவுக்கே கேட்கும்படி அலறினான்.

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. சர்க்கரை காட்டியாகிவிட்டது, போலீஸ்காரரைக் கூப்பிட்டாகிவிட்டது, "அம்மா குடிக்கிறேன் பாரு" என்று தானே நக்கிக் காட்டியும் ஆகிவிட்டது. பயல் எதற்கும் மசியவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மிஞ்சிப்போனால் இரண்டு ஸ்பூன் இருக்கும்.

உடம்பு அனலாய்க் கொதித்தது. போன மாதம் இப்படித்தான் காய்ச்சல் ஏறி, கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்துவிட்டது. "சூடு ஏறினா உடனே இந்த மருந்து உள்ள போயிடணும்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்!

அவள் புருஷன் குணசேகரனுக்கு ஆவடி டேங்க் ஃபேக்டரியில் காலை ஷிப்ட். "எங்க டிஸ்பென்சரி டாக்டர் மத்தியானம் சாப்பிட இந்தப் பக்கமாத்தான் போவார். ஒரு எட்டு எட்டிப் பார்க்கச் சொல்றேன். கோதண்டம் வீடுன்னு சொன்னா போதும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துவிட்டான். திருமுல்லைவாயிலில் அந்தத் தெருவில் கதவு நம்பர் எவருக்கும் தெரியாது. முன் போர்ஷனில் யார் குடியிருந்தாலும் அது வீட்டுக்காரர் கோதண்டத்தின் வீடுதான்.

வருகிற டாக்டர் நெட்டையா குட்டையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அலறல் கேட்டுப் பின் போர்ஷனிலிருந்து வீட்டுக்காரம்மா தாயம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கஸ்தூரி, புள்ள இப்டி கத்துது?"

"மருந்து குடிக்க மாட்டேங்கறான்க்கா."

"அதட்டி ஊத்துவியா, கொஞ்சிகினு கீறியே! நான் தவுட்டுக் கடைக்குப் போயிட்டு வந்துர்றேன். யார்னா வந்தா குந்த சொல்லு."

தாயம்மா போய்விட்டாள். கஸ்தூரிக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். போட்ட வேகத்தில் அது காய்ந்தது. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. சைக்கிள் மணி கேட்டாலும் ஓடிப்போய்ப் பார்த்தாள். பாஸ்கரன் இப்போது அழக்கூட இல்லை. துவண்டு கிடந்தான். கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் பையோடு ஒருவர் இறங்கினார்.

"கோதண்டம் வீடு இதுதானேம்மா?"

"டாக்டரா சார்?"

"ஆமாம்மா, நான் வந்தது..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், முதல்ல உள்ள வாங்க! போன மாசம் இவனுக்கு இழுத்துருச்சு சார். மருந்து உள்ள போகலைன்னா இன்னிக்கும் இழுத்துரும். எப்படியாவது குடிக்க வச்சிடுங்க சார்!" சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் பையைக் கீழே வைத்தார்.

"மருந்து யார் எழுதிக் குடுத்தது?"

"ஆஸ்பத்திரியில சார். ஒரு ஸ்பூன்."

"சரி, அவங்க சொன்ன அளவையே எடுங்க. நான் குடிக்க மட்டும் வைக்கிறேன்."

முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, பையனை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்தார். கஸ்தூரியின் கை பழக்கதோஷத்தில் மூக்குக்குப் போனது.

"மூக்கை விடுங்கம்மா. தலையையும் அண்ணாத்தாதீங்க, புரையேறிடும்."

ஒரு விரலால் கடைவாயை லேசாக விலக்கி, மருந்தைக் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். இன்னொரு கை தொண்டையை மேலிருந்து கீழே தடவிக்கொடுத்தது. மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "ஹோ... ஹோ..." என்று அடித்தொண்டையில் மெதுவாக ஒரு சத்தம், அவ்வளவுதான். பாஸ்கரன் துப்புவதை மறந்து அவர் வாயையே பார்த்தான். மடக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஸ்பூன் காலி.

கஸ்தூரிக்கு நம்ப முடியவில்லை. பையனின் வாயைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

வாந்தி எடுக்கிறானா என்று பார்க்க அவர் இன்னும் கொஞ்ச நேரம் பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தார். எடுக்கவில்லை. சிறிது நேரத்தில் அவன் கழுத்தடியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது. அதைத் தொட்டுப் பார்த்ததும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கஸ்தூரிக்கு உடைத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"தெய்வம் மாதிரி வந்தீங்க டாக்டர்! எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு இப்படிக் குடுத்திருப்பீங்க!"

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தவர், கூச்சத்தோடு பையை எடுத்துக்கொண்டார்.

"குழந்தைக்கு இதாம்மா மொதல் தடவை. கோதண்டத்தோட கன்னுக்குட்டி எங்க?"