அட்டையில் இல்லாத பெயர்

ஸ்டுடியோ பியானோவின் மூடி எல்வியோவின் இடது கை விரல்கள்மேல் படாரென்று விழுந்தது. ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது.

"பாட்டுக்காரியை எங்கடா மறைச்சு வச்சிருக்க, திருடா!" ருஜ்ஜெரோ மூடியின்மேல் முழங்கையை ஊன்றி அழுத்தினான். "ரிமினி கடற்கரையில எந்த டிஸ்கோவுக்குப் போனாலும் அவ குரல்தான். நீ போட்ட இசைத்தட்டோட அட்டையில மட்டும் வேற எவளோ சிரிக்கிறா!"

"அவ மாடல்... டிவியில வாயசைக்க வச்சிருக்கோம்."

"மினுக்கினவளுக்குப் பேரு, பாடினவ வாயில மண்ணா? நான் அவளுக்கு வேண்டியவன். நியாயம் கேட்க வந்திருக்கேன்!"

உறையிலிருந்து இசைத்தட்டை உருவி, அதன் விளிம்பால் எல்வியோவின் வாயில் அறைந்தான். முன்பல் ஒன்று தெறித்தது. '45' என்று சுழலும் வேகம் அச்சிட்ட நடுவட்டத்தில் ரத்தம் வழிந்தது.

"பணம்தானே? பெட்டியில இருக்கு, எடுத்துக்க."

"பணம் யாருக்குடா வேணும்? அவ எங்க இருக்கா?" மைக் வயர் எல்வியோவின் கழுத்தைச் சுற்றி இறுகியது.

கண் இருட்டிக்கொண்டு வந்ததும் எல்வியோ கையைத் தூக்கினான். "சொல்றேன்... பாட்டுக்காரின்னு யாருமே இல்ல. பாடினது நான்தான். வேகத்தைக் கூட்டிப் பொம்பளைக் குரலா மாத்தினேன். வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்."

"கதை விடாதே!"

"கேட்டுட்டுக் கொல்லு."

வயர் தளர்ந்ததும் எல்வியோ தட்டைச் சட்டையில் துடைத்துச் சுழலவிட்டான். '33' என்ற மெதுவேகப் பொத்தானை அழுத்தினான். தாளம் கிழட்டு யானைபோல் அசைந்து வர, அதன்மேல் ஓர் ஆண் குரல் 'என்னைப் பறக்கவிடு' என்று கரகரவென இழுத்தது.

ருஜ்ஜெரோவின் வாய் பிளந்தது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "தூ! மீசை வச்ச பாட்டுக்காரி! உனக்காகவா மிலானோவுல இருந்து வண்டி ஓட்டிட்டு வந்தேன்?"

வயிற்றில் கடைசியாக ஓர் உதை விட்டுவிட்டுப் போனான்.

கார் சத்தம் தேயும்வரை எல்வியோ அசையவில்லை. பிறகு ஊர்ந்து போய், ஒலிப்பதிவு அறையின் கனத்த கதவை மூன்று முறை தட்டினான்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. முறிந்த கையைத் துணியால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டபடி லொரெதானா எட்டிப் பார்த்தாள். ரிமினி முழுக்கப் பறந்த குரல் இப்போது கிசுகிசுத்தது.

"என் புருஷன் போயிட்டானா?"