ஆரம்பாக்கத்து ஜமுனா

கங்காதரனின் படகைக் கப்பல் மோதிக் கவிழ்த்து, அவன் செத்து ஐந்து மாதமாகிறது. இந்த வழக்கு நிற்காது என்று மூன்று வக்கீல்கள் கையை விரித்துவிட்டார்கள். வேலம்மா மட்டும் புருஷனுக்கு நியாயம் கேட்பதை விடவில்லை.

பக்கத்து வீட்டு விமல் செல்போனில் தேடியபோது முதலில் வந்தது ஒரு பெரிய வக்கீல் அலுவலகம். நிலம், விவாகரத்து, மீனவர் விபத்து எல்லாம் பார்ப்பார்களாம். கீழே ஐந்து நட்சத்திரத்தோடு ஒருத்தி எழுதியிருந்தாள்: "என் வீட்டுக்காரர் படகில் கப்பல் மோதியது. எல்லாரும் கைவிட்ட வழக்கை இவர்கள் ஜெயித்துக் கொடுத்தார்கள். ஜமுனா, ஆரம்பாக்கம்."

வேலம்மா போனபோது, "மீனவர் கேஸ் நாங்க எடுக்கிறதில்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்த மகள் கீதா, அம்மாவின் கால் கொப்புளங்களைப் பார்த்துப் பதறினாள்.

"எங்கம்மா போய்ட்டு வர்ற?"

"ஆரம்பாக்கம். மூணு நாளா ஜமுனாவைத் தேடுறேன். எந்த வக்கீல் ஜெயிச்சாருன்னு அவதான் சொல்லணும். ஏரியில கையால தடவி இறால் புடிக்கிற எங்களுக்குக் கப்பல் எங்கேருந்து வரும்னு அந்த ஊர்க்காரங்க சிரிக்கிறாங்கடி. நீதான் கம்ப்யூட்டர் வேலை பாக்குறியே, அவளைக் கண்டுபுடி."

அம்மா நீட்டிய செல்போனில் கீதா அதைப் படித்தாள்.

"தேடாதம்மா."

"இன்னாடி, அவளைத் தெரியுமா?"

"தேடுனா அந்த வக்கீல் ஆபீஸ் முதல்ல வரணும்னு, ஊருக்கொரு பேரு, கேஸுக்கொரு கதைன்னு எங்க கம்பெனியில எங்களை எழுதச் சொன்னாங்க. இது நான் எழுதினது. போன வருஷம், நைனா இருக்கும்போது."

வேலம்மா செல்போனைத் திரும்ப வாங்கி, அந்த ஐந்து நட்சத்திரத்தை விரலால் தொட்டாள்.

"அப்போ ஒருத்திகூட ஜெயிக்கலையா?"