மஞ்சள் வண்டி

"பொண்ணு பயோமெடிக்கல் இன்ஜினியர்னு தரகர் சொன்னாரே?" மகனுக்குப் பெண் பார்க்க வந்த ராஜ்மோகன் கேட்டார்.

பெண்ணின் அப்பா நீலமேகம் விறைப்பாக நிமிர்ந்தார். "தப்பாச் சொல்லிட்டாருங்க. பி.காம்."

"எங்க பையன் பயோமெடிக்கல் இன்ஜினியர். பொண்ணுக்கும் அதே படிப்புன்னு சொன்னாங்க. அதனாலதான் வந்தோம்." காபியைக்கூடத் தொடாமல் எழுந்து வெளியேறினார்கள்.

மனைவி பெரியநாயகி வெடித்தாள். "போலகம் கிராமத்துல இருந்த நிலத்தை வித்துப் படிக்க வச்சீங்க. அந்த நிலத்து விளைச்சலைவிட அவ சம்பளம் அதிகம். ஏங்க மறைச்சீங்க?"

"ஆஸ்பத்திரிக் குப்பை அள்ளுற மஞ்சள் வண்டியில பயோமெடிக்கல்னுதானே எழுதியிருக்கு? குப்பை அள்ளவா நிலத்தை வித்தேன்னு ஊர் கேக்காதா?"

மகள் சுகிர்தா மெதுவாகச் சொன்னாள். "அது ஆஸ்பத்திரிக் கழிவுப்பா. நான் பழுது பார்க்கிறது ஸ்கேன் மெஷின்."

வாசலில் கார் கிளம்பியது. கூப்பிட ஓடிய நீலமேகம் படியிலேயே நின்றுவிட்டார். கூப்பிட்டு, தான் சொன்னது பொய் என்று எந்த வாயால் சொல்வது?