பச்சைக் கதவுக்கு வழி

அந்தப் பெண் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அவள் முதுகில் அவளைவிடப் பெரிய பை இருந்தது.

கண் ஃபோனில், கால் பள்ளத்தில். தனியாகத்தான் வந்தாள். காலையில்தான் ஊரில் இறங்கியிருக்கிறாள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை; விமானத்தில் ஒட்டிய சீட்டு பையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இஸ்திரி வண்டிக்காரிக்குத் துணியின் சுருக்கம் மட்டும்தான் கண்ணில் படும் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

நேராக டீக்கடையில் போய் நின்றாள். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எதிரே போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அவளுக்கு எங்கள் பாஷை தெரியாது. ஃபோனிடம் ஏதோ பேசினாள். ஃபோன் அதை எங்களுக்குச் சொன்னது, செய்தி வாசிக்கிறவள் குரலில்.

“என் அண்ணன் இந்த ஊருக்கு வந்த முதல் நாள் இந்தப் படத்தை அனுப்பினார். அதன் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை. இந்தக் கதவு எங்கே இருக்கிறது?”

படத்தில் ஒரு பச்சைக் கதவு. பக்கத்தில் அவள் ஜாடையிலேயே ஒருவன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. பார்த்த முகமா என்றால், நாங்கள் எத்தனை முகத்துக்கு வழி காட்டியிருப்போம்!

கதவை மட்டும் எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

அதனால் என்ன? டீக்கடைக்காரர் வடிகட்டியைப் பிடித்த கையை நீட்டினார். பக்கத்துத் தையல்காரர் கத்தரிக்கோலை நீட்டினார். நானும் நீட்டினேன். எல்லாம் ஒரே பக்கம்: குடோனுக்கும் அச்சகத்துக்கும் நடுவே போகிற சந்து.

எங்கள் தெருவில் ‘தெரியாது’ என்று சொல்லும் வழக்கமில்லை. வழி கேட்டு வந்தவர்களை வெறுமனே அனுப்புவதா? அந்தச் சந்தைக் காட்டிவிடுவோம். வளைந்து வளைந்து போய்ச் சுவரில் முட்டும். போனவர்கள் அசடு வழியத் திரும்பி வந்து ஒரு டீ குடிப்பார்கள். சிலர் வருவதில்லை. வேறு வழியாகப் போயிருப்பார்கள் என்று நாங்களும் அவரவர் வேலையைப் பார்ப்போம்.

“அங்க சுவருதானம்மா இருக்கு?” என்றாள் என் மகள், வண்டியருகே சட்டை மடித்துக்கொண்டே.

“நீ சும்மா இருடி. தெரியாதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபடும்?”

என் மனசு அப்படி. இளகினது.

அந்தப் பெண் சந்துக்குள் போனாள். தையல்காரர் மிஷினையே நிறுத்திவிட்டார், அசடு வழியும் முகத்தைப் பார்க்கும் ஆசையில்.

திரும்பி வந்தாள். முகத்தில் அசடு இல்லை. கண் சிவந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மிக்க நன்றி. நீங்கள் காட்டிய வழி சரியானது. அண்ணன் அங்கேதான் இருக்கிறார். இரண்டு டீ வேண்டும்,” என்றது ஃபோன்.

டீக்கடைக்காரர் டம்ளரில் ஊற்றியதைவிட மேஜையில் ஊற்றியதுதான் அதிகம்.

அவள் பையைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். ஊர் பார்த்து முடித்தவள் மாதிரி அதை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு டம்ளரையும் ஏந்திக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

மகள் மடித்த துணிகளை வீடுகளில் கொடுக்கக் கிளம்பினாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அந்தப் பெண் வரவில்லை. டம்ளரும் வரவில்லை.

போய்ப் பார்க்கலாமே என்றேன். டீக்கடைக்காரருக்குத் திடீரென்று பால் பொங்கியது. தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க வேண்டியிருந்தது. மீசை மட்டும் ஆளுக்கொரு முழம்.

ஒரு விஷயத்தைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நானே போனேன்.

ஒரு வளைவு. இன்னொன்று. யாரோ ரேடியோவைக் குறைக்கிற மாதிரி தெருச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது.

சுவர் இருந்தது. வெறும் சுவர். அப்பாடா என்றிருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பிறகுதான் கீழே பார்த்தேன்.

சுவரோரம் செருப்புகள். விருந்தாளிகள் வாசலில் கழற்றிவிட்டதுபோல, வரிசையாக. மழையில் ஊறிக் காய்ந்து சுருண்டவை. தூசி படிந்த ஷூக்கள். அவளுடைய புது ஷூ. அதன் பக்கத்தில், அறுந்த வாருக்கு நான் ஊக்கு மாட்டி வைத்திருந்த என் செருப்பு.

தரையின் குளிர் வெறுங்காலில் சில்லென்று ஏறியது.

பச்சைக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் நல்லவர்கள்தான். என்னைக் கண்டதும் அந்த அண்ணன்காரன் எழுந்து இடம் விட்டான். முகம் ஞாபகம் வந்துவிட்டது. இந்த இடத்துக் குறைகளையெல்லாம் ஒருநாள் சாவகாசமாகச் சொல்கிறேன். சொல்ல நிறைய நேரம் இருக்கிறது.

ஜன்னலில் நின்றால் தெரு தெரிகிறது. அத்தனை வளைவுக்கு அப்பாலிருந்து எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தெரிகிறது.

அதோ, என் மகள். காலிக் கூடையோடு டீக்கடை முன்னால் நிற்கிறாள். அம்மா எங்கே என்று கேட்கிறாள். வாயசைப்பே போதும் எனக்கு.

டீக்கடைக்காரரின் கை சந்துப் பக்கம் பாதி எழுந்து நிற்கிறது. பிறகு மெல்லத் திரும்பி, பஸ் நிற்கிற திசைக்கு நீள்கிறது. தையல்காரரும் அந்தப் பக்கமே காட்டுகிறார்.

மகராசன்கள். நன்றாக இருக்கட்டும்.

அவள் நடக்கிறாள். சட்டென்று நின்று, திரும்பி, சந்து வாயையே பார்க்கிறாள்.

ஒரு குரல் கொடுத்தால் கேட்கிற தூரம்தான். திறந்தால் தெருமுனை வரைக்கும் போகிற வாய் என்னுடையது.

இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.